பெயர் சொல்லி மன்றாட ஓர் ஆண்டு நாள்காட்டி

எங்கள் பங்கில் (எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தில்) விசுவாசிகளின் மன்றாட்டு, அதாவது திருப்பலியில் மக்கள் சார்பில் வாசிக்கும் வேண்டுதல், எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் நான் எழுதியதெல்லாம் ஏறக்குறைய ஒரே தாள்தான். "ஏழைகள், அநாதைகள், வேலையில்லாதோர், கைவிடப்பட்டோர் அனைவருக்காகவும்" என்று தொடங்கும். ஞாயிறுக்கு ஞாயிறு வரிசை மாறும், சொற்கள் மாறாது. ஒருநாள் திருப்பலி முடிந்து மைக்கை அணைத்துக்கொண்டிருந்தபோது, எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பாட்டி வந்து என் கையைப் பிடித்தார். "வேலையில்லாதவங்கன்னு சொன்னியேம்மா, அதுல என் மகனும் இருக்கான். எட்டு மாசமா வீட்லதான் இருக்கான். அவன் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றார். பல வருடமாக ஒரே ஆலயத்துக்கு வருகிறோம். அவருக்கு ஒரு மகன் இருப்பதே எனக்குத் தெரியாது.

அன்று வீட்டுக்குப் போய் விவிலியத்தைத் திறந்தபோது, அதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வாசலில் கிடந்த ஏழைக்கு இலாசர் என்று பெயர் இருக்கிறது. விருந்துண்ட செல்வருக்குப் பெயர் இல்லை. விடுதலைப் பயணம் முதல் அதிகாரத்தில், குழந்தைகளைக் கொல்ல மறுத்த மருத்துவச்சிகளின் பெயர் சிப்ரா, பூவா என்று எழுதப்பட்டிருக்கிறது. கொல்லச் சொன்ன பார்வோனின் பெயர் எழுதப்படவில்லை. நான் எழுதிய மன்றாட்டுகளோ நேர் எதிராக இருந்தன. ஆயர்களுக்கும் ஆட்சியாளர்களுக்கும் பெயர் உண்டு, ஏழைகளுக்கு மட்டும் பன்மை விகுதி.

அதன் பிறகு, துன்புறுவோருக்காகவும் நீதிக்காகவும் செபிக்கும் சிறப்பு நாள்களை ஓர் ஆண்டு நாள்காட்டியாக அமைத்து, பெயர் சொல்லி மன்றாடத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பங்கில் மன்றாட்டு எழுதுபவர்கள், அன்பியப் (பங்கிலுள்ள சிறு செபக் குழு) பொறுப்பாளர்கள், இளையோர் குழுவினர், வீட்டில் குடும்ப செபம் நடத்துபவர்கள் என யாரும் இதை எடுத்துக்கொள்ளலாம். நான் கத்தோலிக்கர் என்பதால் சொற்களும் திருவிழாக்களும் அந்த வழியில் இருக்கும். மற்ற சபையினர் தங்கள் ஒழுங்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள்களைத் தேர்ந்தெடுப்பது

திருவழிபாட்டு ஆண்டு, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் தொடங்குகிறது. அதனால், அதற்கு முந்தைய ஞாயிறில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே நாள்காட்டி தயாரிக்க மூன்று நான்கு பேர் உட்கார்ந்துவிடுங்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் தினக்கூலிக்கு வேலை செய்பவராக இருக்கட்டும், ஒருவர் இருபது வயதுக்காரராக இருக்கட்டும். எல்லோரும் என்னைப் போன்ற நடுவயதுக்காரர்களாக இருந்தால் நாள்காட்டியும் எங்களைப் போலவே ஆகிவிடும். பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். திட்டமெல்லாம் முடிந்த பிறகு போய் அனுமதி கேட்டால், நியாயமாகவே அவர்களுக்குக் கோபம் வரும்.

பெரிய தாளில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, முதலில் திருச்சபையின் காலங்களை எழுதுங்கள்: திருவருகைக் காலம், கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா), தூய ஆவியார் பெருவிழா. இவைதான் வீட்டின் தூண்கள். நீதிக்கான சிறப்பு நாள்களை அப்புறம் இவற்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும். திருத்தந்தையர் அறிவித்த நாள்கள், உலக கிறிஸ்தவ சபைகள் மன்றம் முன்னெடுக்கும் நாள்கள், ஐ.நா. நாள்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் வாரத்துக்கு ஒன்று வந்துவிடும். முதல் வருடம் நாங்கள் 31 நாள்களை எடுத்தோம். மே மாதத்திலேயே களைத்துப்போனோம். ஆகஸ்டில் நான் "இன்று உலக..." என்று தொடங்கினால் பாடகர் குழுவே நிமிர்ந்து பார்க்காத நிலை வந்தது.

இப்போது ஏழு நாள்கள்தான். ஐந்தானாலும் சரி. எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: இந்த நாள் சுட்டும் துன்பத்தில் இருப்பவர் நம் கூட்டத்தில் யார்? ஒரு முகம் நினைவுக்கு வந்தால் அந்த நாள் தாளில் நிற்கும். ஏழில் இரண்டை மட்டும் நமக்கு முகம் தெரியாத, தொலைவில் இருக்கும் மக்களுக்காக ஒதுக்குகிறோம். இல்லாவிட்டால் செபம் நம் சுவருக்குள்ளேயே சுருங்கிவிடும்.

தேதியில் ஒரு நுணுக்கம் உண்டு. சில நாள்கள் மாதத் தேதியில் நிலைத்தவை. எந்தக் கிழமையிலும் வரும். சில நாள்கள் ஞாயிறையோ வெள்ளியையோ பிடித்துக்கொண்டு நகரும். தவக்காலமோ பாஸ்காவைப் பொறுத்து ஒரு மாதத்துக்கும் மேல் முன்பின்னாகும். நிலைத்த தேதி வாரநாளில் வந்தால், அன்று மாலை பத்துப் பேர் வந்தாலும் போதும் என்று செபத்தை நடத்திவிட்டு, அடுத்த ஞாயிறு மன்றாட்டில் ஒரு வரியாவது கொண்டுவாருங்கள். ஞாயிறுக்கு மொத்தமாக மாற்றுவதை நான் விரும்புவதில்லை. அந்தத் தேதிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவருடைய இறப்பு இருக்கிறது.

ஒரு மன்றாட்டை எழுதுவது

பழைய தாளில் நான் எழுதியது: "உலகெங்கும் வேலையின்றித் தவிக்கும் அனைவருக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம்."

அந்தப் பாட்டியின் மகனிடம் போய்ப் பேசி, அவர் சம்மதத்தோடு எழுதியது: "ஆண்டவரே, இன்று எங்களோடு உட்கார்ந்திருக்கும் இந்தச் சகோதரருக்கு" (இங்கே அவர் பெயர் வரும்) "எட்டு மாதமாக வேலை இல்லை. காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று தெரியாத அந்த நேரத்தில் நீர் அவரோடு இரும். அவரைப் பற்றி ஓரிடத்தில் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தும் சொல்லாமல் இருக்கும் எங்கள் சோம்பலை மன்னித்து, எங்கள் வாயைத் திறந்தருளும்."

யாருக்காக என்பது முதல் வரி. அவருடைய துன்பம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் கடிக்கிறது என்பது இரண்டாவது. அந்த இடத்தை நீங்கள் கற்பனையில் எழுதக் கூடாது, அவரிடமே கேட்க வேண்டும். "காலையில் எழுந்ததும்" என்பது அவர் சொன்ன சொல். நானாக எழுதியிருந்தால் "வறுமையில் வாடும்" என்று எழுதியிருப்பேன். மூன்றாவது வரி நம்மைப் பற்றியது, அதுதான் கடினமானது. கடவுள் செய்ய வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டு நாம் உட்கார்ந்துவிடுவதைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நேராகவே கேட்கிறார்: உடையும் உணவும் இல்லாதவரிடம் வெறுமனே சமாதானமாய்ப் போய்வா என்று சொல்வதால் என்ன பயன்?

மன்றாட்டில் செய்தி வாசிக்காதீர்கள். ஆண்டவருக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை, மக்களுக்குத் தேவையென்றால் அதைச் செபத்துக்கு முன் தனியாகச் சொல்லுங்கள். மன்றாட்டை வைத்துப் பக்கத்து பெஞ்சில் இருப்பவரைக் குத்தவும் கூடாது. "இரக்கமற்ற முதலாளிகள் மனம் மாற" என்று ஒருமுறை எழுதினேன். அன்று நான் செபித்தது கடவுளிடம் அல்ல, ஒரு குறிப்பிட்ட மனிதரிடம் என்று எனக்கே தெரியும். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

இனிச் சம்மதம். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். பெயருக்கு ஒரு சம்மதம், கதைக்கு இன்னொரு சம்மதம் என்று இரண்டும் தனித்தனியாக வேண்டும். "என் பெயரைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள்" என்பவர்கள் உண்டு. எழுதும்போது ஒருமுறை கேளுங்கள், முந்தைய நாள் மாலை மறுபடியும் கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம். வன்முறைக்கு ஆளானவர்கள், கடன் தொல்லையில் இருப்பவர்கள், வழக்கில் இருப்பவர்கள், நோயை வெளியில் சொல்லாதவர்கள், குழந்தைகள் ஆகியோரின் பெயர் எந்த நிலையிலும் மைக்கில் வரக் கூடாது. அவர்களுக்காக ஒரு தாளில் பெயரை எழுதி மடித்து, காணிக்கையோடு பீடத்தின் அருகே வைக்கிறோம். யாரும் அதைப் பிரிப்பதில்லை. பெயர் தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

மன்றாட்டு முடிந்ததும் கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் மௌனம் இருங்கள். முதல் நிமிடம் இருமலும் நாற்காலிச் சத்தமும்தான் கேட்கும். இரண்டாம் நிமிடத்துக்காகத்தான் முதல் நிமிடம்.

ஆண்டின் தொடக்கம்

ஜனவரி முதல் தேதி, திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கி 1968 முதல் கொண்டாடப்படும் உலக அமைதி நாள். புத்தாண்டுத் திருப்பலியில் ஒரு மன்றாட்டு வைத்தால் போதும். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு செப வாரம், 1908இல் தொடங்கியது. 25ஆம் தேதி புனித பவுல் மனமாறிய விழாவில் முடிகிறது. சில நாடுகளில் இதைத் தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டி வைக்கிறார்கள். இந்த வாரத்தை நாங்கள் ஒரு வேலைக்காகப் பயன்படுத்துகிறோம்: அருகிலுள்ள மற்ற சபைக்குப் போய், வரப்போகும் மாதங்களில் எந்த நாள்களைச் சேர்ந்து செபிக்கலாம் என்று கேட்கிறோம். மார்ச் மாதத்துக்கு அது மிகவும் உதவும்.

பிப்ரவரி 8 எங்கள் ஏழு நாள்களில் முதலாவது. புனித ஜோஸ்பின் பக்கித்தா 1947இல் இறந்த நாள். திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2015 முதல், மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாக இருக்கிறது. பக்கித்தா சூடானின் டார்ஃபூர் பகுதியில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டவர். "பக்கித்தா" என்பது அவரைப் பிடித்தவர்கள் வைத்த பெயர், அரபு மொழியில் "அதிர்ஷ்டசாலி" என்று பொருள். பெற்றோர் வைத்த பெயரை அச்சத்திலும் அதிர்ச்சியிலும் அவர் மறந்தே போனார். இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்ட பின் 1889இல் அங்கே ஒரு நீதிமன்றம் அவர் சுதந்திரமானவர் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு திருமுழுக்குப் பெற்றார், பின்னர் கனோசியன் சபை அருள்சகோதரி ஆனார். 2000இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டியலிலும் அவர் பெயர் அந்த அடிமைப் பெயர்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அன்று மாலை ஆளுக்கு ஒரு வெற்றுத் தாள் கொடுக்கிறோம். அதில் எதையும் எழுதுவதில்லை. பெயர் தெரியாத ஒருவருக்காக அதைக் கையில் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்துவிட்டு, விளக்கின் அருகே வைக்கிறோம். பிறகு வேலை: வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போக நினைப்பவர்கள் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறோம். ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா, அதன் நகல் வீட்டில் இருக்கிறதா, கடவுச்சீட்டை யார் வைத்திருப்பார்கள், ஆள் அனுப்பும் முகவருக்கு உரிமம் உண்டா, அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது. ஒருமுறை இதே நாளில் கடத்தலைப் பற்றிய ஒரு வீடியோவைத் திரையிட்டோம். முன்வரிசையில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து வெளியே ஓடினாள். துன்பத்தைக் காட்டினால்தான் மனம் இளகும் என்று நினைத்தது என் தவறு. இனி எந்தப் படமும் போடுவதில்லை.

பிப்ரவரி 11 உலக நோயாளர் நாள், லூர்து அன்னையின் நினைவு நாளும் கூட. 1993 முதல் நடக்கிறது. பெரும்பாலான பங்குகளில் இது ஏற்கெனவே நன்றாக நடப்பதால் நான் அதிகம் சொல்லவில்லை. நோயாளியைப் பராமரிக்கும் வீட்டாரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

மார்ச் வெள்ளியும் தவக்காலமும்

மார்ச் மாத முதல் வெள்ளி உலக செப நாள். பெண்கள் தொடங்கி, பெண்களே நடத்துவது. இதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெண்கள் விடுத்த செப அழைப்புகளில் இருக்கிறது. 1927இலிருந்து உலகம் முழுவதற்குமான நாளாக நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் வழிபாட்டை எழுதுவார்கள், அதே வழிபாட்டை அன்று உலகமே செபிக்கும். 2024இல் பாலஸ்தீனப் பெண்கள், 2025இல் குக் தீவுப் பெண்கள், 2026இல் நைஜீரியப் பெண்கள் எழுதியது. அறிந்து செபிப்பது, செபித்துச் செயல்படுவது என்பதே இதன் குறிக்கோள். நான் இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல வருவதும் அதைத்தான்.

இதைச் சீர்திருத்த சபைச் சகோதரிகளோடு சேர்ந்து செய்கிறோம். அவர்களுக்கு இதில் எங்களைவிட நீண்ட அனுபவம், அதனால் அவர்களே முன்நடத்தட்டும் என்று விட்டுவிட்டோம். செய்ய வேண்டியது: ஜனவரியிலேயே அந்த ஆண்டின் வழிபாட்டை வாங்கி வாசியுங்கள். உலக வரைபடத்தில் அந்த நாட்டை விரலால் தொட்டுக் காட்டுங்கள். அந்தப் பெண்கள் எழுதிய பகுதிகளை வெவ்வேறு குரல்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். நேரமாகிறது என்று அவர்கள் சொன்னதை வெட்டாதீர்கள். ஆண்டில் ஒருநாள் அவர்கள் பேசுவதை நாம் கேட்கும் நாள் அது, பாட்டு ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

தவக்காலம் தனி நாள் அல்ல, நாற்பது நாள். திருநீற்றுப் புதனன்று எசாயா 58ஆம் அதிகாரத்தை முழுதாக, மெதுவாக வாசியுங்கள். நோன்பிருந்துகொண்டே வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள் என்று மூன்றாம் வசனத்திலேயே ஆண்டவர் சொல்லிவிடுகிறார். கொடுமையின் தளைகளை அவிழ்ப்பதுதான் தாம் விரும்பும் நோன்பு என்று ஆறாம் வசனத்தில் சொல்கிறார். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. இந்த இரண்டையும் வைத்து ஓர் ஆன்ம சோதனைத் தாள் தயாரித்தோம். கேள்விகள் சாதாரணமானவை. நம் வீட்டில் வேலை செய்பவரின் முழுப் பெயர் நமக்குத் தெரியுமா? அவருக்குக் கடைசியாகச் சம்பளம் உயர்த்தியது எப்போது? உடம்பு சரியில்லாமல் வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தோமா? அவர் உட்கார நம் வீட்டில் நாற்காலி உண்டா? கூலியை அவர் கேட்ட பிறகு கொடுக்கிறோமா, கேட்கும் முன்பே கொடுக்கிறோமா?

அந்தத் தாளைப் படித்துவிட்டு ஓர் இளைஞர், "அக்கா, நம்ம ஆலயத்தைக் கூட்டுறவங்களுக்கு வார விடுமுறை உண்டா?" என்று கேட்டார். இல்லை. பல வருடமாக இல்லை. திருவிழா நாள்களில் இரட்டிப்பு வேலை, அதே சம்பளம். அந்தத் தவக்காலத்தில் நாங்கள் செய்த ஒரே செயல் அதைச் சரிசெய்ததுதான். பெரிய ஊர்வலம் எதுவும் நடத்தவில்லை. உங்கள் நாள்காட்டியில் எத்தனை நாள் இருந்தாலும், ஆலயம் தானே ஒரு முதலாளி என்பதை ஒரு தவக்காலத்திலாவது எடுத்துப் பாருங்கள். தூய்மைப் பணியாளர், காவலர், தோட்டக்காரர், ஒலிபெருக்கிக்காரர் என்று எழுதி, பக்கத்தில் அவர்கள் பெயரையும் சம்பளத்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாமல் பேனா நிற்கும் இடத்தில் உங்கள் தவமுயற்சி தொடங்குகிறது.

சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைக்கும் பதினான்கு சமூகப் பிரச்சினை என்று எழுதாதீர்கள். அதையும் செய்து பார்த்தோம், செபம் சொற்பொழிவாகிவிட்டது. மூன்று நிலைகளில் மட்டும் நிறுத்துங்கள். சீரேன் ஊர் சீமோனை எங்களால் தவிர்க்கவே முடிவதில்லை, கட்டாயப்படுத்திச் சுமை ஏற்றப்பட்ட அவருக்கும் நற்செய்தியில் பெயர் இருக்கிறது, பிள்ளைகளின் பெயர்கூட இருக்கிறது.

தவக்காலத்துக்குள்ளேயே பெரும்பாலும் மார்ச் 24 வரும். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980இல் அன்றுதான் ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் புனிதரானார். வானொலியில் ஒலிபரப்பான அவருடைய ஞாயிறு மறையுரைகளில், அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களைப் பற்றிப் பெயரோடு சொல்வார். செய்தித்தாள்கள் சொல்லாததை மக்கள் அங்கே கேட்டார்கள். மகனைத் தேடிய தாய்மாருக்கு அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொலையுண்டவர்கள், காணாமல் போனவர்கள், இன்னும் நீதி கிடைக்காதவர்கள் ஆகியோரின் பெயர்களை அன்று வாசிக்கிறோம். பெயருக்குப் பெயர் ஒரு மூச்சு இடைவெளி. பின்னணி இசை வேண்டாம்.

மே முதல் செப்டம்பர் வரை

மே 1 தொழிலாளரான புனித யோசேப்பு நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்தியது. தொழிலாளர் உரிமை பற்றிய திருச்சபையின் முதல் பெரிய சுற்றுமடலைத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்டார் என்பதால் மாதமே பொருத்தமானது. காணிக்கைப் பவனியில் கருவிகளைக் கொண்டுவருவது பலரும் செய்வதுதான். அதோடு, கருவியைக் கொண்டுவருபவர் தன் பெயரையும், நேற்று எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதையும் மட்டும் சொல்லட்டும். "பதினான்கு மணி நேரம்" என்று ஒருவர் சொன்னபோது ஆலயமே அமைதியானது. மறையுரை செய்யாத வேலையை அந்த இரண்டு சொற்கள் செய்தன.

ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நாள், ஜூன் 20 அகதிகள் நாள். ஆகஸ்ட் 6 ஆண்டவர் உருமாறிய விழா. 1945இல் ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டு விழுந்த நாளும் அதுவே. மலைமேல் தோன்றிய ஒளியையும் நகரத்தின்மேல் எழுந்த ஒளியையும் ஒரே காலையில் நினைக்க வேண்டியிருப்பதால், அன்று நான் மன்றாட்டைச் சின்னதாக வைத்து மௌனத்தை நீட்டிவிடுவேன்.

செப்டம்பர் 1 முதல் புனித அசிசி பிரான்சிஸின் விழாவான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான செப நாளாக 1989இல் அறிவித்தவர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை முதலாம் திமித்ரியோஸ். கத்தோலிக்கத் திருச்சபையில் 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். மரக்கன்று நடுவதோடு இதை முடித்துவிடாதீர்கள். நட்டவர்களில் எத்தனை பேர் தண்ணீர் ஊற்றப் போனார்கள் என்று அடுத்த ஆண்டு கேட்டால் தெரியும். நாங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆலயத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கிறோம். கண்ணில் படும் மரம், பறவை, நீர்நிலை ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுகிறோம். சாக்கடையும் குப்பைமேடும் வரும்போது அதன் அருகில் வசிப்பவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களுக்கு என்ன தொல்லை என்று கேட்கிறோம். தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்தில் உயிர்களுக்கெல்லாம் மனிதர் பெயரிட்டது போல, பெயர் தெரிந்த பிறகுதான் அந்த மன்றாட்டு அவர்களுக்குச் சொந்தமாகிறது.

புலம்பெயர்ந்தோர், அகதிகளுக்கான நாள் 1914இல் தொடங்கியது, இப்போது வழக்கமாகச் செப்டம்பர் கடைசி ஞாயிறில் வருகிறது. வேற்று மொழி பேசுபவர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால், ஒரு மன்றாட்டை அவர் மொழியிலேயே அவர் சொல்லட்டும். மொழிபெயர்க்க வேண்டாம். எல்லோரும் ஒரு நிமிடம் புரியாமல் நிற்பது நல்லது, அவர் தினமும் அப்படித்தான் நிற்கிறார்.

வறியோரின் இரண்டு நாள்கள்

அக்டோபர் 17 வறுமை ஒழிப்பு நாள். ஐ.நா. அறிவித்ததால் அரசு விழா என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குருவிடமிருந்து வந்தது. வறுமையிலேயே பிறந்து வளர்ந்த அருள்தந்தை ஜோசப் ரெசின்ஸ்கி அழைத்ததன் பேரில் 1987 அக்டோபர் 17 அன்று பாரிஸ் நகரின் ட்ரோகாடெரோவில் ஒரு இலட்சம் பேர் கூடினார்கள். அங்கே ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. மனித உரிமைப் பிரகடனம் 1948இல் ஏற்கப்பட்ட அதே இடம். ஐந்து ஆண்டு கழித்து ஐ.நா. அந்த நாளை ஏற்றுக்கொண்டது. வறியவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசினால் போதாது, அவர்களே பேச வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார்.

உலக வறியோர் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கியது. 2017 முதல், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறில் வருகிறது. முதல் இரண்டு ஆண்டு நாங்கள் விருந்து கொடுத்தோம். நாங்கள் பரிமாறினோம், அவர்கள் சாப்பிட்டார்கள், நாங்கள் படம் எடுத்தோம். ஒரு பெரியவர் இலையை விட்டு எழுந்து, "என் பேரன் இந்தப் படத்தைப் பார்ப்பான்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பின்னாலேயே ஓடினேன், அவர் திரும்பவில்லை. அந்தப் படத்தை அன்றே அழித்தோம். இப்போது செல்போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறோம். எல்லோரும் கலந்து உட்கார்ந்து, எல்லோரும் பரிமாறிக்கொள்கிறோம். அன்றைய மன்றாட்டுகளை எழுதுவதும் வாசிப்பதும் வறுமையை அறிந்தவர்களே. நான் தாளைத் தொடுவதில்லை. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்துவதில்லை.

நவம்பர் மாதம் இறந்தோருக்கானது. அதில் வேலை செய்யும்போது இறந்தவர்களுக்கென்று ஒரு மாலை ஒதுக்குங்கள். நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாள். டொமினிக்கன் குடியரசில் பத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா என்ற மிராபல் சகோதரிகள் 1960இல் கொல்லப்பட்ட நாள். அன்றிலிருந்து மனித உரிமை நாளான டிசம்பர் 10 வரை பதினாறு நாள். உலக கிறிஸ்தவ சபைகள் மன்றம் முன்னெடுப்பது போல, வியாழக்கிழமைகளில் கறுப்பு உடுத்தி எதிர்ப்பைக் காட்டலாம். கவனம்: இந்த நாள்களில் செபம் முடிந்து யாராவது உங்களிடம் தனியாக வந்து பேசக்கூடும். அதற்கு ஆயத்தமாக, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். "பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நோட்டு

நாள் முடிந்ததும் வேலை முடிவதில்லை. ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டிருக்கிறோம்: தேதி, யாருக்காக, என்ன செய்வதாகச் சொன்னோம், நாற்பது நாளுக்குப் பிறகு என்ன ஆனது. நான்காவது பத்தியை நிரப்ப நாற்பதாம் நாள் மாலை கட்டாயம் கூடுகிறோம், நான்கே பேர் என்றாலும். செயல் சின்னதாக இருக்கட்டும், நாற்பது நாளில் முடியக்கூடியதாக இருக்கட்டும். ஒன்றும் நடக்காவிட்டால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதுகிறோம். அப்படி எழுதிய பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வரிகளை வைத்துக்கொண்டு திருப்பாடல் 13ஐச் செபிக்கலாம், "எத்துணைக் காலம்" என்று கேட்க விவிலியமே நமக்கு வார்த்தை தந்திருக்கிறது.

சோர்வு வரும்போது, அன்று கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரை நினைத்துக்கொள்கிறேன். அங்கே புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்கிழமை மாலை ஐந்து மணிக்கு அமைதிக்காகச் செபித்தார்கள். சில வாரங்களில் மிகச் சிலரே வந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று அந்தச் செபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு கிட்டத்தட்ட 70,000 பேர் அந்த ஆட்சியை எதிர்த்து மெழுகுவர்த்தியோடு வீதியில் நடந்தார்கள். அன்று ஒரு குண்டும் சுடப்படவில்லை.

திருவருகைக் காலத்தில் மரியாவின் பாடலை ஒவ்வொரு மாலையும் செபியுங்கள். வலியோரை அரியணையிலிருந்து இறக்குகிறார், பசித்தோரை நிரப்புகிறார் என்று ஓர் இளம் கர்ப்பிணிப் பெண் பாடியது அது. பிறகு டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோது கொன்ற அந்தக் குழந்தைகளில் ஒருவருடைய பெயரும் மத்தேயு நற்செய்தியில் இல்லை. அன்று மாலை நோட்டைத் திறந்து, சம்மதம் தந்தவர்களின் பெயர்களை மட்டும் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறோம். கடந்த ஆண்டு 143 பெயர்கள். வாசித்தவர் அந்தப் பாட்டி. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார், நாற்பது நிமிடம் ஆனது. உங்கள் கூட்டத்திலும் வேகமாக வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள். பிப்ரவரியில் வைத்த வெற்றுத் தாள்களையும் நோட்டுக்குள் அதனதன் இடத்தில் செருகி வையுங்கள். வெற்றுத் தாள் வரும்போது அவர் அதை உயர்த்திக் காட்டிவிட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த பெயருக்குப் போகட்டும்.